பஸ்ஸை விட்டு இறங்குங்கள், சேர்!

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுவதென்றால் ஏசுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

நாம் சிலர் அம்பாறைக் கரையோரப் பாடசாலைகளில் படிப்பிக்கிற ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவர்கள். பேராசிரியர்களோடு மல்லுக்கட்டுகிற தகுதி நமக்கு இருக்கிறதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் "களப்பயணம்" என்று நமது ஊர்களுக்கு வருகிற விதத்தைப் பற்றி ஆசிரியர் ஓய்வறையில் பேசிப் பேசி அலுத்துவிட்டோம். அதனால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். விரிவுரையாளர்கள் நமது ஊர்களுக்கு வர வேண்டும் என்பதுதான் நமது நிலைப்பாடு. அடிக்கடி வர வேண்டும், கூட்டமாக வர வேண்டும். புதிதாக நியமனம் பெற்றவர்கள் முதல் வருடத்திலேயே வர வேண்டும். ஆனால் இப்போது நடப்பதற்குக் களப்பயணம் என்று பெயர் வைப்பது அநியாயம். அது விருந்து. விருந்தை விருந்து என்றே சொல்லிவிட்டு நடத்தினால் நமக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை.

எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் என்று கேட்க வேண்டாம். நாட்டின் நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். ஒருவரைப் பெயர் சொல்லித் தலைகுனிய வைப்பது நமது நோக்கமில்லை. பழக்கம்தான் பிழை, அதைத்தான் பேசுகிறோம்.

அந்த நாள் எப்படிப் போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு என்று சொன்ன பஸ் பத்தரைக்கு வரும். வாசலில் பெனர். மண்டபத்தில் கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, விசேட உரை. மேடையில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பிறகு நினைவுச்சின்னம். பன்னிரண்டு மணியாகிவிடும். பஸ்ஸில் ஏறி ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். "இதுதான் சுனாமி அடிச்ச இடம்", "இதுதான் நெசவு செய்யிற இடம்" என்று முன்சீற்றில் இருப்பவர் கையை நீட்டுவார். ஏசி பஸ், கண்ணாடி மூடியிருக்கும். லுஹருக்குப் பிறகு சஹன் சாப்பாடு, வட்டிலப்பம். மூன்று மணிக்குக் கடற்கரையில் குறூப் போட்டோ. நான்கு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். அன்றிரவே முகநூலில் "பயனுள்ள களப்பயணம்" என்று 40 படங்கள். அந்த 40 படங்களில் ஒரு மீனவரோ, ஒரு விவசாயியோ, தறியில் இருக்கிற ஒரு ராத்தாவோ இருப்பார்களா? தேடிப் பாருங்கள்.

இப்போது இதை நமது பாடசாலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தரம் 6 பிள்ளைகள் 35 பேரை ஒரு நாள் வெளியே கூட்டிப்போவதென்றால் நாம் என்னவெல்லாம் செய்ய வேண்டும்? எந்தப் பாடத்துக்காக, எந்த அலகுக்காகப் போகிறோம் என்று எழுத வேண்டும். வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பெற்றோரிடமும் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். போகிற இடத்தில் பிள்ளை எதைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று செயற்தாள் தயாரிக்க வேண்டும். திரும்பி வந்ததும் பிள்ளைகள் எழுத வேண்டும், நாம் அறிக்கை கொடுக்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இத்தனை ஒழுங்கு இருக்கிறது. கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் வருகிற பயணத்துக்கு சாப்பாட்டு மெனுவைத் தவிர வேறு எந்தத் திட்டமும் இல்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

சரி, பஸ்ஸை விட்டு இறங்கினால் இங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பட்டியல் பெரியது. ஐந்து இடங்களை மட்டும் சொல்கிறோம். ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் இருப்பவை.

ஒன்று, ஒலுவில் கடற்கரை. டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்ட துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு நடந்ததை நாம் கண்ணால் கண்டோம். துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. காணி உறுதி கையில் இருக்கிறது, காணி கடலுக்குள் இருக்கிறது. மறுபக்கம் துறைமுக வாயிலில் மணல் நிறைந்து, படகு வெளியே போக முடியாமல் மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கும், குறுக்கே கல்லணை போட்டால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும் என்பது பொறியியல் புத்தகத்தில் உள்ள பாடம். அந்தப் பாடத்தை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கிட்டத்தில் காட்டக்கூடிய இடம் வேறு எங்கே இருக்கிறது? கரைவலை இழுக்கிற காக்காமாரிடம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கரை எப்படி இருக்கும், கச்சான் காலத்தில் எப்படி மாறும், தோணி இழுத்துவைத்த இடம் இப்போது எங்கே போய்விட்டது என்று மணலிலேயே கோடு போட்டுக் காட்டுவார்கள். பொறியியலாளருக்கும் புவியியலாளருக்கும் சட்டம் படிப்பிப்பவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. கடலுக்குள் போன காணிக்கு யார் பொறுப்பு என்பது சட்டக் கேள்விதானே?

இரண்டு, வயல். கல் ஓயா அபிவிருத்திச் சபை 1949இல் உருவானது. இங்கினியாகலையில் அணை கட்டி சேனநாயக்க சமுத்திரத்தில் தேக்கிய தண்ணீர்தான் இன்று நமது வயல்களுக்கு வருகிறது. நமது விவசாயிகள் பலர் வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள். மேலே இருப்பவர் எடுத்து மீந்ததுதான் கீழே வரும். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் நடக்கிற ஆரம்பக் கூட்டத்துக்கு ஒரு முறை வந்து பின்வரிசையில் இருந்து பாருங்கள். எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எத்தனை மாத நெல் விதைப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வயலை விட்டு அகற்றுவது என்று அத்தனையும் அங்கேதான் முடிவாகும். வட்டவிதானை ஒருவர் நூற்றுக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர் பங்கிடுகிற விதம் முகாமைத்துவப் பாடத்தில் எந்த அத்தியாயத்தில் வருகிறது? 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி, நவம்பரில் அந்த முடிவைக் கைவிட்டார்கள். அதற்கிடையில் போன விளைச்சல் போனதுதான். அந்தப் போகத்தின் கணக்குக் கொப்பி இன்றும் பல விவசாயிகளின் வீட்டில் இருக்கிறது. பொருளியல் விரிவுரையாளர் ஒருவர் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

மூன்று, மருதமுனைத் தறிகள். மருதமுனைச் சாரனும் சாரியும் நாடு முழுக்கத் தெரிந்தவை. பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தறி ஒரு காட்சிப்பொருள். உள்ளே போய் பாவு ஓட்டுவதையும் ஊடை போவதையும் பக்கத்தில் நின்று பார்த்து, "ஒரு சாரனுக்கு நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடைக்காரர் என்ன விலைக்கு எடுக்கிறார்?" என்று கேட்டால்தான் தொழில் தெரியும். 2022இல் ரூபா விழுந்தபோது வெளிநாட்டு நூலின் விலை ஏறிய கதை, மின்சார விசைத்தறித் துணியோடு கைத்தறி போட்டிபோடுகிற கதை, படித்த பிள்ளைகள் தறியில் உட்கார மறுக்கிற கதை எல்லாம் அந்தக் கொட்டிலுக்குள்தான் கிடக்கின்றன. சந்தைப்படுத்தல் படிப்பிக்கிறவர்கள் அமெரிக்கக் கம்பனிகளை உதாரணம் காட்டுவது தவறில்லை. அதோடு சேர்த்து ஒரு மருதமுனைச் சாரனின் கணக்கையும் கரும்பலகையில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நான்கு, பள்ளக்காடு. நமது பட்டினங்களின் குப்பை போய்க் குவிகிற இடம். அங்கே காட்டு யானைகள் பொலித்தீனோடு சேர்த்துக் குப்பையைத் தின்கின்றன. எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அப்படி இறந்தன என்ற செய்தி 2022 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் வரை போனது. உலகம் பார்த்த இடத்தை அதற்குப் பக்கத்து ஊர்களுக்கு வருகிற கல்விமான்கள் பார்க்க வேண்டாமா? நாற்றம் அடிக்கும்தான். குறூப் போட்டோவுக்கு ஏற்ற இடம் இல்லைதான். ஆனால் உயிரியல், இரசாயனவியல், தொழினுட்பம், உள்ளூராட்சி நிர்வாகம் என்று எத்தனை பாடம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது!

ஐந்து, நுரைச்சோலை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது மாவட்டம். அக்கரைப்பற்றில் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று சவூதி அரேபிய உதவியில் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. உயர் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு அவை பகிர்ந்தளிக்கப்படாமல் வருடக்கணக்காகப் பற்றை மூடிக் கிடந்தன. இதில் அரசியல் இருக்கிறது, இனம் இருக்கிறது, காணி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. "அது சென்சிட்டிவ் விசயம், அங்கே போக வேண்டாம்" என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். அனர்த்த முகாமைத்துவம் பட்டப்பாடமாக இருக்கிற ஒரு நாட்டில், அனர்த்தத்துக்குப் பிறகு ஏன் வீடு கட்டியும் குடியேற முடியாமல் போனது என்று கேட்பது சென்சிட்டிவ் என்றால் பிறகு எதைத்தான் படிப்பிக்கப் போகிறோம்?

இந்த இடங்களை நாம் சொல்வதால் மட்டும் முக்கியம் என்று நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து வந்தவர்கள் இதன் பெறுமதியை எப்போதோ கண்டுவிட்டார்கள்.

டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். பொன்னாடை வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பிப் போகவில்லை. தங்கினார், தமிழில் பேசினார், வீடு வீடாக இருந்து கேட்டார். நமது குடிவழி முறை, தாய்வழியாகக் குடி வருவது, மகளுக்கு வீடு கொடுப்பது, பள்ளிவாசல் மரைக்கார்மார் குடிகளின் சார்பில் இருந்தது, பக்கத்துத் தமிழ் மக்களிடமும் அதே குடிமுறை இருப்பது என்று எல்லாவற்றையும் எழுதினார். திரும்பத் திரும்ப வந்தார். சுனாமிக்குப் பிறகும் வந்தார். அவருடைய "குரூசிபிள் ஒஃப் கொன்ஃப்லிக்ற்" நூல் 2008இல் வெளிவந்தது. முதல் வருகைக்கும் நூலுக்கும் இடையில் கிட்டத்தட்ட 40 வருடங்கள். நமது உம்மாமார் தினமும் பேசுகிற குடிக் கதை அமெரிக்காவில் அச்சாகும் அளவுக்குப் பெரிய அறிவு. இங்கே சமூகவியல் படிப்பிக்க வருகிற ஒருவர் "குடி என்றால் என்ன?" என்று கேட்கிற நிலை இருக்கலாமா?

இன்னொன்று, கல் ஓயா இடதுகரை. 1980களின் தொடக்கத்தில் அங்கே நீர் முகாமைத்துவத் திட்டம் ஒன்று நடந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதில் வேலை செய்தன. இளம் பட்டதாரிகளை விவசாயிகளோடு போய் இருக்கச் சொன்னார்கள். போதிக்கப் போகவில்லை, கேட்கப் போனார்கள். விவசாயிகள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கினார்கள். மேல் வாய்க்காலில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள். மேலே சிங்கள விவசாயி, கீழே தமிழ் பேசும் விவசாயி. நாடு எரிந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள். அந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் என்ற கோர்னெல் பேராசிரியர் 1992இல் நூலாக வெளியிட்டார். நூலின் பெயரே "லேர்னிங் ஃப்ரொம் கல் ஓயா". கல் ஓயாவிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்று ஒரு பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பெயர் வைத்தார். வெட்கப்படவில்லை. அதனால் அவருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை.

அவர்களால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருக்க முடிந்தது. நாம் கேட்பது ஒரு நாளில் ஆறு மணி நேரம். பொன்னாடை இல்லாத ஆறு மணி நேரம்.

இனி வினாக்கொத்துப் பற்றி. இதையும் பேசத்தான் வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் ஆய்வுக்கென்று நமது வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் வினாக்கொத்து வருகிறது. மாணவர்கள் கொண்டுவருகிறார்கள், பின்னால் மேற்பார்வை செய்கிற விரிவுரையாளர் இருக்கிறார். வருமானம் எவ்வளவு, மலசலகூடம் இருக்கிறதா, சுனாமியில் எத்தனை பேர் இறந்தார்கள், இப்போது மனநிலை எப்படி, ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளியிடுக. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு உம்மாவிடம் போய் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி கேட்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியைத் தாளிலிருந்து வெட்டியிருப்பார்கள். கேள்வி தயாரித்தவர் ஊருக்குள் வந்ததே இல்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது.

அதன் பிறகு என்ன நடக்கிறது? ஆய்வு முடிகிறது, கட்டுரை வெளியாகிறது, பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்கிறது. எல்லாம் நல்லது, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் பதில் சொன்ன ஊருக்கு என்ன திரும்பி வந்தது? ஒரு பக்கச் சுருக்கம் தமிழில் அடித்து மீனவர் சங்கத்துக்கோ பள்ளிவாசலுக்கோ பாடசாலை நூலகத்துக்கோ கொடுத்திருக்கலாமே! நமது பிள்ளைகள் உயர்தரத்தில் செயற்திட்டம் செய்யும்போது தங்கள் சொந்த ஊரைப் பற்றிய ஒரு தரவுக்கு அலைகிறார்கள். அந்தத் தரவு அதே ஊரிலிருந்து எடுக்கப்பட்டு எங்கோ ஒரு அலுமாரியில் ஆங்கிலத்தில் கிடக்கிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்பார்கள். காரணம் நமது பிள்ளைகள்தான். தரம் 1இல் நாம் கையைப் பிடித்து எழுத வைத்த பிள்ளை பதின்மூன்று வருடம் கழித்து கெம்பஸ் போகிறது. அதன் வாப்பா கரைவலைக்காரர், அல்லது நெசவாளி, அல்லது வயல் கூலி. அந்தப் பிள்ளை விரிவுரை மண்டபத்தில் நான்கு வருடம் இருக்கிறது. அந்த நான்கு வருடத்தில் ஒரு நாளாவது தன் வாப்பாவின் தொழில் ஒரு பாடத்தில் மரியாதையான உதாரணமாக வருவதைக் கேட்கிறதா? கேட்காவிட்டால் அது என்ன முடிவுக்கு வரும்? படிப்பு என்பது வேறு, நமது வீடு என்பது வேறு என்றுதான். வாப்பாவின் தொழிலைக் கேட்டால் "பிஸ்னஸ்" என்று சொல்லி நழுவுகிற பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அந்தக் கூச்சம் பாடத்திட்டத்தில் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஆனால் படிப்பிக்கிறவருக்கு ஊர் தெரியாதபோது பிள்ளை அதைத் தானாகவே படித்துக்கொள்கிறது.

இதற்குச் சொல்லப்படுகிற மறுப்புகள் நமக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"விரிவுரையாளர்களில் பாதிப்பேர் இந்தப் பகுதிக்காரர்கள்தானே, அவர்களுக்கு ஊர் தெரியாதா?" ஒரு ஊரில் பிறந்தால் அந்த ஊர் முழுக்கத் தெரிந்துவிடாது. சம்மாந்துறை வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வாய்க்கால் தெரியும், கரைவலை தெரியாது. மருதமுனைக்காரருக்குத் தறி தெரியும், நுரைச்சோலை தெரியாது. காரைதீவையும் திருக்கோவிலையும் பஸ்ஸில் கடந்து போனவர்கள் நம்மில் எத்தனை பேர், இறங்கி ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள் எத்தனை பேர்? ஊர்க்காரராக இருப்பவர் தனக்குத் தெரிந்ததை வெளியூர்ச் சகாவுக்குக் காட்டவும், தெரியாததைத் தானும் பார்க்கவும்தான் இந்தப் பயணம்.

"நேரமில்லை, நிதியில்லை." ஒரு பஸ், ஒரு நாள், வீட்டிலிருந்து கட்டிய சோற்றுப் பார்சல். மேடை, பெனர், நினைவுச்சின்னம், 80 பேருக்கு சஹன் எல்லாவற்றையும் வெட்டினால் செலவு குறையுமே தவிரக் கூடாது.

"படிக்காத மனிதர்களிடம் பேராசிரியர் என்ன கற்பது?" இதை யாரும் வெளியே சொல்வதில்லை, மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பங்கிடத் தெரிந்தவர், காற்றைப் பார்த்து வலை போடத் தெரிந்தவர், ஆயிரம் இழையைப் பிசகாமல் பூட்டத் தெரிந்தவர் படிக்காதவர் இல்லை. அவருக்கு நாம் சான்றிதழ் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆய்வாளர் நடுநிலையாக, தள்ளி நிற்க வேண்டும்." தள்ளி நில்லுங்கள், தப்பில்லை. ஆனால் ஏசி பஸ்ஸுக்குள் இருப்பதற்கு நடுநிலை என்று பெயர் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதான்.

1. பயணத்துக்கு முன் ஒரு கேள்வியோடு வாருங்கள். "ஒலுவிலில் கரை ஏன் அரிக்கிறது?", "ஒரு சாரனில் நெசவாளிக்கு என்ன மிஞ்சுகிறது?" என்பது போல ஒரே ஒரு கேள்வி போதும்.

2. ஒரு நாளைக்கு ஒரு இடம், கூடினால் இரண்டு. ஏழு இடத்தை ஏழு தடவை பஸ்ஸிலிருந்து பார்ப்பதைவிட ஒரு இடத்தில் நான்கு மணி நேரம் நிற்பது மேல்.

3. அன்றைய நாளின் ஆசிரியர் ஊர்க்காரராக இருக்கட்டும். மீனவர் சங்கத் தலைவர், வட்டவிதானை, தறிக்கார ராத்தா ஆகியோர் பேசட்டும், விரிவுரையாளர்கள் குறிப்பெடுக்கட்டும். அவர்களுடைய ஒரு நாள் கூலி போகிறது, அதைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். வெளியிலிருந்து விரிவுரைக்கு வருபவருக்குக் கொடுப்பனவு இருக்கிறதென்றால் இவருக்கும் அதுதான் நியாயம்.

4. பெண்களோடு பேசுவதற்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். மண்டபத்தில் ஆண்கள் மட்டும் பேசினால் ஊரில் பாதியைத்தான் கேட்டிருப்பீர்கள். தறியும் பாய் இழைப்பதும் வெளிநாட்டு வேலையும் வீட்டுக் கடனும் பெண்களின் கையில் இருக்கிற கதைகள்.

5. போன பிறகு மூன்று மாதத்துக்குள் தமிழில் இரண்டு பக்கம் எழுதி ஊருக்குக் கொடுங்கள். என்ன பார்த்தோம், என்ன விளங்கியது, எந்தப் பாடத்தில் எப்படிச் சேர்க்கப்போகிறோம். பாடசாலை நூலகத்தில் நாம் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். நமது பிள்ளைகள் வாசிப்பார்கள்.

6. அடுத்த வருடமும் வாருங்கள். அதே இடத்துக்கு, அதே மனிதர்களிடம்.

இனி நமது ஊர்களின் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கத் தலைவர்களே, நிர்வாக சபை ஹாஜிமாரே, அரசியல் பிரமுகர்களின் இணைப்பாளர்களே! விருந்தோம்பல் நமது பண்பு, அதை விடச் சொல்லவில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுங்கள், சோறு கொடுங்கள். ஆனால் அவர்களுடைய நேரத்தை நீங்கள் மேடையில் பேசித் தின்ன வேண்டாம். ஊரின் அழகான முகத்தை மட்டும் காட்ட வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். குப்பை மேட்டைக் காட்டினால் ஊருக்கு அவமானம் என்று நினைக்கிறீர்கள். குப்பை அங்கே இருப்பதுதான் அவமானம். அதைப் பார்த்து ஒரு வழி சொல்லத் தெரிந்தவர் வந்திருக்கிறபோது திரை போட்டு மறைப்பது நஷ்டம். பேராசிரியரோடு நீங்கள் எடுக்கிற செல்ஃபி நாளைக்கு மறந்துபோகும். அவர் கரைவலைக்காரரோடு பேசிய ஒரு மணி நேரம் ஒரு பாடமாகி, ஒரு பரிந்துரையாகி, எப்போதாவது ஒரு அமைச்சின் மேசைக்குப் போகலாம்.

ஒலுவிலில் இருக்கிற நமது பல்கலைக்கழகத்தின் பிறப்பையும் இங்கே நினைத்துக்கொள்வோம். யுத்தம் காரணமாக நமது பிள்ளைகள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் படிக்க முடியாமல் தவித்த காலத்தில் 1995இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. வயலுக்கும் கடலுக்கும் நடுவில், களியோடைக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. அதன் மதிலுக்கு வெளியே அடி எடுத்து வைத்தாலே களம்தான். நாட்டின் மற்றப் பல்கலைக்கழகங்கள் இங்கே வருவதற்கு பஸ் பிடிக்க வேண்டும். நமது பல்கலைக்கழகத்துக்கு சைக்கிள் போதும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நமது வீட்டுப் பிள்ளையிடம் கேட்கிற உரிமையில் கேட்கிறோம்: ஊரைப் படிக்கிற நல்ல பழக்கத்தை நாட்டுக்கே காட்டிக்கொடுக்கிற இடமாக அது இருக்கட்டும். அங்கே ஏற்கெனவே இப்படி அமைதியாகச் செய்துகொண்டிருக்கிற விரிவுரையாளர்கள் இருந்தால், இந்தப் பதிவு உங்களுக்கு எதிரானதில்லை. உங்களுக்காகத்தான் எழுதியிருக்கிறோம். உங்கள் பீடக் கூட்டத்தில் இதை எடுத்துக் காட்டுங்கள்.

இந்தப் பதிவைப் பார்க்கிற விரிவுரையாளர் ஒருவர் "சரி, நான் வருகிறேன்" என்று சொன்னால் நாம் தயார். சனிக்கிழமையில் வாருங்கள், பாடசாலை இல்லை. கூட்டிப்போய்க் காட்ட நாம் இருக்கிறோம். வயலுக்கு வருவதென்றால் செருப்பைக் கையில் எடுக்க வேண்டி வரும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். பகல் சோறு நமது வீட்டில். பொன்னாடை மட்டும் கிடையாது.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே மரியாதையாக எழுதுங்கள், பதில் சொல்கிறோம். சரியென்று பட்டால் உங்களுக்குத் தெரிந்த விரிவுரையாளர்களுக்கு அனுப்பிவையுங்கள்.